அரசு மருத்துவமனையில் புதிய யோசனை ஏன் நிலைப்பதில்லை? – விவாத இழை

இளவேனில்:
அரசு மருத்துவமனைகளில் புதுமையை வளர்க்க வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் மூன்றே விஷயங்கள் மேசைக்கு வருகின்றன. மாவட்டத்துக்கு ஒரு புதுமைக் குழு, ஆண்டுக்கு ஒரு விருது விழா, யோசனைகளைப் பதிவேற்ற ஒரு செயலி. மூன்றாலும் பயனில்லை என்பது என் கட்சி. நம் ஊழியர்களிடம் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. புதிதாக ஒன்றைச் செய்து அது சரிவரவில்லை என்றால் மெமோ வரும், கொஞ்சம் பெரிதாகப் போனால் 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கை வரும் என்ற பயம்தான் கையைக் கட்டிப் போடுகிறது. அதனால் நான் கேட்பது இரண்டு. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மேலே கேட்காமல் செலவழிக்க ஒரு சிறு தொகை வேண்டும். எழுத்தில் தெரிவித்துவிட்டுத் தொடங்கும் முயற்சிக்கு 90 நாள் தர வேண்டும், அந்த 90 நாளில் தோற்றால் விளக்கம் கேட்கக் கூடாது. வாதத்துக்கு வாருங்கள்.

தராசு:
முதல் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறியதுதான் மேடம். 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோதே துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் நிபந்தனையற்ற நிதி என்று கொடுத்தார்கள். நோயாளர் நலச் சங்கத்துக்கும் தனியாக நிதி உண்டு. அந்தப் பணம் பெரும்பாலும் பினாயில், துடைப்பம், டியூப் லைட், பிளாஸ்டிக் நாற்காலி என்றே போகிறது. அவையும் வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் காசு இருந்தால் புதுமை தானாக வரும் என்பதற்கு இது சாட்சி சொல்லவில்லை.

இரண்டாவது கோரிக்கையை அடியோடு எதிர்க்கிறேன். புறநோயாளிப் பிரிவில் டோக்கன் முறையை மாற்றிப் பார்த்துத் தோற்றால், நாலு பேர் அரை மணி நேரம் கூடுதலாக நிற்பார்கள். பிரசவ அறையில் ஒன்றை மாற்றித் தோற்றால் என்ன ஆகும்? இரண்டுக்கும் ஒரே 90 நாள் விலக்கு கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

லேபர்வார்டு:
பிரசவ அறை என்று தராசு சார் சொன்னதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். ‘புதுமை’ என்றதும் நாம் எதைத் தேடுகிறோம் என்பதிலேயே கோளாறு இருக்கிறது.

பிரசவத்துக்குப் பின் எவ்வளவு ரத்தம் போனது என்று கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறோம். துணியில் ஊறியது பாதி, தரையில் சிந்தியது கொஞ்சம், பக்கெட்டில் பனிக்குட நீரோடு கலந்தது மீதி. ‘200 மி.லி.’ என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். இதைச் சரிசெய்ய கர்நாடகத்தின் பெலகாவி மருத்துவக் கல்லூரியில் ஒரு டிரேப் உருவாக்கினார்கள். தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு. கீழ்முனை புனல்போல் குவிந்து பையாகத் தொங்கும், பையில் மி.லி. கோடுகள் இருக்கும். 2006-ல் வெளியான அவர்கள் ஆய்வில், கண்ணால் மதிப்பிட்ட அளவு டிரேப்பில் அளந்ததைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது.

2023-ல் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு பற்றிய இ-மோட்டிவ் ஆய்வு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். கோடு போட்ட டிரேப், அதோடு ஒரே மூச்சில் செய்யும் ஐந்து வேலைகள்: கருப்பை மசாஜ், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின், ரத்தம் உறைந்து நிற்க உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், ஐ.வி. திரவம், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை. 500 மி.லி. தொட்டால் எல்லாம் தொடங்க வேண்டும். 300 தாண்டி நாடித்துடிப்பிலோ ரத்த அழுத்தத்திலோ மாற்றம் தெரிந்தாலும் தொடங்க வேண்டும். பெரும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, ரத்தப்போக்கால் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கமான முறையில் 4.3 சதவீதம், இந்த முறையில் 1.6.

இதில் புது மருந்து எது? ஒன்றுமே இல்லை. ஐந்தும் நம் தட்டில் இருப்பவை. முன்பு மசாஜ் செய்து பார்த்து, நிற்கவில்லை என்றால் ஊசி, அதற்கும் நிற்கவில்லை என்றால் அடுத்தது என்று வரிசையாகப் போவோம். அந்தக் காத்திருப்பில்தான் உயிர் போகிறது. வழக்கமான முறையில் ரத்தப்போக்கைக் கண்டுபிடித்ததே பாதிக்குப் பாதி, 51 சதவீதம். டிரேப் வைத்த இடங்களில் 93.

ஸ்டோர்ரூம்:
சிஸ்டர் சொன்ன டிரேப்பையே வைத்து என் தரப்பைச் சொல்கிறேன், இளவேனில் மேடத்துக்கு இது பிடிக்காது.

ஒரு திட்டத்தில் 500 டிரேப் இலவசமாக வருகிறது என்று வையுங்கள். பயிற்சி, புகைப்படம், பாராட்டு எல்லாம் நடக்கும். மாதம் 40 பிரசவம் நடக்கும் இடத்தில் ஓராண்டில் கையிருப்பு தீர்ந்துவிடும். அடுத்து பொருள் கேட்டு இண்டென்ட் போடப் போனால் கொள்முதல் பட்டியலில் அந்தப் பொருளே இல்லை, குறியீட்டு எண்ணும் இல்லை. உள்ளூர்க் கொள்முதல் செய்யலாம்தான், ஆனால் அந்தத் தொகையில் திடீரெனத் தீர்ந்துபோன மருந்தை வாங்குவதா, டிரேப் வாங்குவதா என்ற கேள்வி வரும். டிரேப்தான் தோற்கும். அடுத்த வாரமே பழையபடி பக்கெட், கண் மதிப்பு. அதே நேரம் மாறுதல் கலந்தாய்வு வந்து, பயிற்சி பெற்ற சிஸ்டரும் வேறு மாவட்டம் போயிருப்பார்.

நம் மாநிலத்தின் மிகப் பெரிய பொது சுகாதாரப் புதுமை எது என்று என்னைக் கேட்டால், 1994-ல் பதிவாகி 1995 ஜனவரியில் விநியோகத்தைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்பேன். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் இந்த ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று இருக்கும், மாவட்டக் கிடங்கில் எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். முன்போல இந்த மருந்து இவ்வளவு என்று மேலிருந்து தள்ளிவிடுவதில்லை. எது வேண்டும் என்பதை மருத்துவமனையே முடிவு செய்கிறது. ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். பின்னாளில் ராஜஸ்தான் 2011-ல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது பின்பற்றியது இந்த மாதிரியைத்தான். இது யாரோ ஒரு வார்டில் 90 நாள் செய்து பார்த்துப் பிறந்ததில்லை. மேலிருந்து, சட்டகம் போட்டு, பதிவேட்டோடு வந்தது. பட்டியலில் ஏறாத யோசனைக்கு ஆயுள் கிடையாது.

இளவேனில்:
ஸ்டோர்ரூம் அண்ணா, பாஸ்புக் உதாரணத்தை நீங்களே என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். அதன் உயிரே, எது வேண்டும் என்ற முடிவைக் கீழே விட்டதுதானே? மருந்தில் விட்டதை வேலைமுறையிலும் விடுங்கள் என்கிறேன். டிரேப் பட்டியலில் ஏற வேண்டும், சரி. முதலில் எங்காவது பயன்படுத்திக் காட்டினால்தானே ஏறும்? காட்ட விடாமல் பட்டியலில் இல்லை என்று சொன்னால் முட்டைக்கும் கோழிக்கும் நடுவே நிற்க வேண்டியதுதான்.

நெல்லைச்சீமை:
பயம் என்ற இடத்துக்குத் திரும்புவோம். இளவேனில் மேடம் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நம்மிடமே பதில் இருக்கிறது, அதை நாமே கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தாய் மரண ஆய்வைத் தமிழ்நாடு 1990-களிலேயே தொடங்கியது. வழிகாட்டுதலின் அடிப்படையே ‘பெயர் வேண்டாம், பழி வேண்டாம்’. எந்த நேரத்தில் வலி வந்தது, யார் எப்போது பார்த்தார்கள், 108 எத்தனை மணிக்குக் கிளம்பியது, ரத்தம் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று நேர வரிசையாக எழுதி, தாமதம் எங்கே என்று பார்ப்பது. முடிவெடுப்பதில் தாமதம், வந்து சேர்வதில் தாமதம், வந்தபின் சிகிச்சையில் தாமதம் என்று மூன்று. இதிலிருந்து பல மாற்றங்கள் வந்தன. லட்சம் பிறப்புக்கு 2004–06-ல் 111 ஆக இருந்த தாய் மரணம் 2018–20-ல் 54 ஆனது. இந்த ஆய்வு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108, ரத்த வங்கிகள் எல்லாம் சேர்ந்தது அது.

கெடுவது எங்கே தெரியுமா? ஆய்வுக் கூட்டத்தில் முதல் கேள்வி ‘டியூட்டியில் யார்?’ என்று வரும்போது. அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் அடுத்த மாதம் கேஸ் ஷீட்டில் நேரங்கள் எல்லாம் அழகாகப் பொருந்தியிருக்கும். நாடித்துடிப்பு 15 நிமிடத்துக்கு ஒருமுறை 82, 82, 84, 82. அத்தனையும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அப்படிப்பட்ட ஷீட்டை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்க முடியாது. எனவே மேடம் கேட்கும் 90 நாள் விலக்குக்கு முன்னால், கேள்வி கேட்கும் வரிசை மாற வேண்டும். ‘எத்தனை மணிக்கு?’ முதலில், ‘ஏன் அந்த இடைவெளி?’ அடுத்து. ‘யார்’ என்பது கவனக்குறைவுக்கு ஆதாரம் கிடைத்த பிறகு, வேறு கூட்டத்தில்.

தராசு:
இதை முழுமனதாக ஏற்கிறேன். ஆனால் தணிக்கை என்றாலே எதிரி என்று நினைக்க வேண்டாம். நான் பார்க்கும் தணிக்கைத் தடைக்குறிப்புகளில் பெரும்பாலானவை ‘ஏன் செய்தாய்’ என்று கேட்பதில்லை. ‘செய்ததற்குத் தாள் எங்கே’ என்றுதான் கேட்கின்றன. ஒரே ஒரு பக்கக் குறிப்பு போதும். என்ன பிரச்சினை, இப்போதைய எண்ணிக்கை என்ன, எதை மாற்றப் போகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதியில் நிறுத்திப் பார்ப்போம், எது நடந்தால் உடனே கைவிடுவோம். கடைசி வரியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். அதை எழுதி, நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக்கி, பொறுப்பு மருத்துவர் கையெழுத்து வாங்கிவிட்டால் பணம் செலவானதைப் பற்றிக் கேட்க எனக்கு வழியே இல்லை. தோற்றாலும்கூட.

பதிவேடு, டோக்கன், அலமாரி, அறிவிப்புப் பலகை போன்றவற்றுக்கு இது போதும். நோயாளியின் உடலைத் தொடும் மாற்றமானால், ஏற்கெனவே வழிகாட்டுதலில் உள்ளதை நடைமுறைப்படுத்துவது மட்டும்தான் இந்த வழியில் வரலாம். வழிகாட்டுதலில் இல்லாததற்கு நெறிமுறைக் குழு இருக்கிறது, அங்கே போங்கள்.

இளவேனில்:
அந்தப் பிரிவினையை ஏற்கிறேன். விளக்கம் கேட்கக் கூடாது என்றதையும், கைவிடும் வரி எழுதிய முயற்சிகளுக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அந்தக் குறிப்பை யார் எழுதுவது? கிராம சுகாதார செவிலியர், கர்ப்பிணிகள் விவரம் பதியும் பிக்மி இணையத்தில் ஒரு பதிவு, அதையே கைப்பதிவேட்டில் ஒரு பதிவு, மாத அறிக்கையில் மூன்றாவது பதிவு என்று எழுதிக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் ஒரு தாளா? புதிதாக ஒன்று கேட்கும் எந்த உத்தரவும், நிறுத்தப்படும் பழைய பதிவேடு எது என்று சொல்லிவிட்டு வரட்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்டோர்ரூம்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பட்டியல் விஷயத்தில் நானும் இறங்க மாட்டேன். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே கோடு போட்ட டிரேப்பையும் இந்தச் சிகிச்சைத் தொகுப்பையும் பரிந்துரைத்துவிட்டது. இனி யாரும் தனியாக 90 நாள் செய்து நிரூபிக்க வேண்டிய நிலையில் இல்லை. செய்ய வேண்டியது தேவைக் கணக்கு.

லேபர்வார்டு:
அப்படியானால் கணக்கைச் சொல்லுங்கள் அண்ணா. மாதம் 20 பிரசவம் நடக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். டிரேப் வரும்வரை என்ன செய்வது என்பதையும் சேர்த்து.

ஸ்டோர்ரூம்:
மாதம் 20, மூன்று மாதத்துக்கு 60. கிழிவது, பிரித்தபின் பயன்படாமல் போவது, ஒரு மாதம் பிரசவம் கூடுவது எல்லாவற்றுக்கும் கால்வாசி கூடுதல், மொத்தம் 75. கையிருப்பு 25-க்கு வந்தவுடன் அடுத்த இண்டென்ட். தீர்ந்தபின் போட்டால் வந்து சேரும்வரை கண் மதிப்புதான். பிரசவப் பதிவேட்டில் ரத்த அளவு எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘டி’ அல்லது ‘க’ என்று ஓரெழுத்து சேருங்கள். டிரேப்பா, கண்ணா என்று தெரியும், தனிப் பதிவேடு வேண்டாம். மூன்று மாதத்தில் ‘டி’ எத்தனை என்று எண்ணினால் அதுவே தேவைக்கான ஆதாரம்.

டிரேப் வரும்வரை: ஒரு மின்னணுத் தராசு. உலர்ந்த பேட், துணி ஒவ்வொன்றின் எடையையும் முன்பே பார்த்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நனைந்த எடையில் அதைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மி.லி. பனிக்குட நீர் வடிந்து குழந்தை பிறந்த பிறகு விரித்த துணியை மட்டும் நிறுக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு ஏறிவிடும்.

லேபர்வார்டு:
முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறோமே, அப்போதெல்லாம் பேட்டையும் நிறுக்க வேண்டும். ஒரே சிஸ்டர் இருக்கும் இரவில் அதை யார் செய்வது? தராசு சார், அந்த ஒரு பக்கக் குறிப்பில் ‘யார் பொறுப்பு’ என்ற வரியில் இரவுப் பணிக்கு என்ன எழுதச் சொல்கிறீர்கள்?