ஆறு நாளில் பதினொரு பிரெஞ்சுக் கோட்டை, காடி (கார்) எடுத்துப் போகலாமா?

பாயான்பாரு_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கிலிருந்து நாங்கள் ஐந்து பேர் அடுத்த வருஷம் பிரான்ஸ் போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், அப்பா, அம்மா, 12 வயது மகள். போன விடுமுறையில் பிரெஞ்சு ஊர் மாதிரியே கட்டியிருக்கிற புக்கிட் திங்கி கோல்மாருக்குக் கூட்டிப் போனதுதான் தப்பு. பாதி வழியிலேயே "இது டூப்ளிகேட், ஒரிஜினல் எங்கே இருக்கு?" என்று மகள் ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கோட்டையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஆனால் ஒன்பதாவது மாடியில் பால் டின்னிலும் பெயிண்ட் வாளியிலும் கத்திரி, வெண்டை, பாகல் என்று வளர்க்கிற ஆள். தோட்டம் என்று சொன்னதும் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பாரிஸில் மூன்று நாள், அப்புறம் காடி வாடகைக்கு எடுத்து ஆறு நாள். நான் போட்ட லிஸ்ட்: வெர்சாய், வோ-லெ-விகோம்த், ஷாம்போர், ஷெவெர்னி, புளுவா, ஷோமோன், அம்புவாஸ், குளோ லூசே, ஷெனொன்சோ, வில்லாந்திரி, அசே-லெ-ரிதோ. மேப்பில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது. ஒரு நாளைக்கு இரண்டு என்றால் முடிந்துவிடாதா?

இன்னும் சில சந்தேகம். வீட்டுக்காரரிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் கியர் காடி மட்டும் ஓட்டுகிற லைசென்ஸ், டி.ஏ. அம்மாவுக்கு முட்டி வலி, படி அதிகம் ஏற மாட்டார், அதோடு செவ்வாய் வெள்ளி சைவம். டிசம்பரில் போவதா, ஜூனில் போவதா என்பதும் முடிவாகவில்லை. டிசம்பர் என்றால் எல்லோருக்கும் லீவு சுலபமாகக் கிடைக்கும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தூல்காரன் எழுதியது:

பதினொன்று முடியும். முடித்துவிட்டு ஊருக்கு வந்து ஃபோட்டோவைப் பார்த்தால் எது எந்தக் கோட்டை என்று உங்களுக்கே தெரியாது, எனக்கு அதுதான் நடந்தது. நான்காவது கோட்டையில் என் பையன் காடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டான். ஒரு நாளைக்கு ஒன்று, ஆசைப்பட்டால் சாயங்காலம் சின்னதாக இன்னொன்று. அதற்கு மேல் வேண்டாம் லா.

முதலில் வெர்சாயை இதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது பாரிஸ் கணக்கு, ரயிலிலேயே போய் வந்துவிடலாம், திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். மற்றதற்கு ஒரே ஊரில் தங்குங்கள். தினம் பெட்டி கட்டி ஹோட்டல் மாற்றினால் அப்பா அம்மாவுக்கு அதுவே பெரிய அலுப்பு. நாங்கள் அம்புவாஸில் தங்கினோம். அங்கிருந்து ஷெனொன்சோ பன்னிரண்டு கிலோமீட்டர்தான். புளுவா முப்பத்தைந்து, அதைத் தாண்டி இன்னும் ஒரு பதினைந்து போனால் ஷாம்போர். வில்லாந்திரி எதிர்ப்பக்கம், தூர் நகரத்தைத் தாண்டிப் போக வேண்டும், அதிலிருந்து அசே பத்து பதினோரு கிலோமீட்டர். பாரிஸிலிருந்து தூர் 240 கிலோமீட்டர் சொச்சம், கோலாலம்பூரிலிருந்து ஈப்போ தாண்டி இன்னும் கொஞ்சம் போகிற மாதிரி.

இனி காடி விஷயம். டி.ஏ. லைசென்ஸ் என்றால் புக் பண்ணும்போதே ஆட்டோமேட்டிக் என்று குறித்துக் கேளுங்கள், அங்கே சும்மா விட்டால் மேனுவல்தான் வரும். நம் சாலைப் போக்குவரத்துத் துறை ஜே.பி.ஜே.யில் அனைத்துலக லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் லைசென்ஸையும் சேர்த்துக் கையில் வைத்திருங்கள். காடி எடுக்கிறவர் பெயரில் கிரெடிட் கார்டு கட்டாயம் வேண்டும், இதில்தான் நான் மாட்டினேன். காடி என் பெயரில், கார்டு மனைவி பெயரில். என்னிடம் இருந்தது டெபிட் கார்டு மட்டும். முன்பணம் பிடித்து வைக்க முடியாது என்று கவுண்டரில் கையை விரித்துவிட்டார்கள். பதின்மூன்று மணி நேரம் பறந்து வந்த களைப்பில் பெட்டிகள் மேல் உட்கார்ந்துகொண்டு, யார் பெயரில் மாற்றுவது, அவளோ அனைத்துலக லைசென்ஸ் எடுக்கவில்லையே என்று ஒரு மணி நேரம் குடும்பச் சண்டை. கடைசியில் அன்றைக்கு ரயிலில் போய், மறுநாள் வேறு இடத்தில் எடுத்தோம். பார்த்தால் அதுவும் நல்லதுக்குத்தான், அந்தத் தூக்கத்தில் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், அது அரை நாளில் பழகிவிடும். பழகாதது சிக்னல். நம் மைவி காடியில் சிக்னல் தண்டு வலது கையில், அங்கே இடது கையில். இரண்டு நாள் முழுக்க, திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் வெயிலில் வைப்பர் போட்டுக்கொண்டு போனேன். ரவுண்டபௌட்டில் நம் ஊரில் வலது பக்கம் பார்ப்போம், அங்கே இடது பக்கம் பாருங்கள், உள்ளே சுற்றுகிறவனுக்குத்தான் வழி.

கிராமத்துக்குள் இன்னொரு ஆபத்து இருக்கிறது. போர்டு எதுவும் இல்லாத முனையில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவனுக்கு முதல் உரிமை, நீங்கள் பெரிய ரோட்டில் இருந்தாலும் சரி. அவன் நின்று பார்க்கவே மாட்டான், நேராக மூக்கை நீட்டுவான். மஞ்சள் வைர வடிவ போர்டு பார்த்தால் உரிமை உங்களுக்கு. அதே போர்டின் மேல் கறுப்புக் கோடு அடித்திருந்தால் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

டோலில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியே வரும்போது கார்டில் கட்டலாம். ஆரஞ்சு நிறத்தில் 't' எழுத்து மட்டும் போட்டிருக்கிற வழிக்குள் போகாதீர்கள், அது நம் டச் அண்ட் கோ மாதிரி டோல் தானாகக் கழிகிற கருவி வைத்திருக்கிற ஆட்களுக்கு. ஹைவேயில் 130, மழை பெய்தால் 110, ஊருக்குள் 50. கேமரா நிறைய. சம்மான் (அபராதம்) காடி கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து உங்கள் கார்டில் பிடிப்பார்கள். எண்ணெய் போடும்போது 'காஸோல்' என்று எழுதியிருப்பதை கேசலின் என்று நினைத்துவிடாதீர்கள், அது டீசல்.

---

மண்சட்டி எழுதியது:

அம்மாவுக்குத் தோட்டம்தான் முக்கியம் என்றால் டிசம்பர் வேண்டாம், யோசிக்கவே வேண்டாம். மொட்டை மரமும் ஈர மண்ணும்தான் இருக்கும், ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கோட்டைக்குள்ளே கிறிஸ்துமஸ் அலங்காரம் அழகாக இருக்கும், அது வேறு. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம், ரோஜா எல்லாம் அப்போதுதான். ஷோமோனில் தோட்டத் திருவிழா ஒன்று 1992 முதல் நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு தலைப்புக் கொடுத்து, உலகம் முழுவதிலிருந்தும் வருகிற ஆட்கள் ஆளுக்கொரு சின்னத் தோட்டம் போடுவார்கள். அதுவும் ஏப்ரலிலிருந்து நவம்பர் ஆரம்பம் வரைதான்.

உங்கள் லிஸ்டில் எதை வெட்டினாலும் வில்லாந்திரியை வெட்டாதீர்கள். அங்கே காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரமாகப் பிரித்திருக்கிறது, எல்லாம் ஒரே அளவு, உள்ளே கோலம் மட்டும் வேறு வேறு. கோலம் என்று சும்மா சொல்லவில்லை. மேல் தளத்தில் நின்று பார்த்தால் நிஜமாகவே மார்கழி மாத வாசலில் கலர் பொடி போட்ட மாதிரிதான் இருக்கிறது. நீலப் பச்சையில் கோஸ், பக்கத்தில் சிவப்புத் தண்டுக் கீரை, அடுத்து வெங்காயத் தாள் மாதிரி நெட்டையாக லீக், சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்த குட்டைச் செடி வேலி, நடுநடுவே ஒற்றைத் தண்டில் நிற்கிற ரோஜா. ரோஜாக்கள் தோட்ட வேலை செய்த பழைய மடத்துத் துறவிகளைக் குறிக்கும் என்கிறார்கள். என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "இவ்வளவு கோஸை யார் சமைக்கிறது?" அப்புறம் பூச்சி அரித்த இலை ஒன்றாவது இருக்கிறதா என்று வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். வருஷத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் கோடையிலும், எல்லாவற்றையும் மாற்றி நடுவார்கள். அதனால் ஜூனில் நீங்கள் பார்ப்பதும் செப்டம்பரில் இன்னொருவர் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது.

ஆனால் ஒன்று, இது அரச காலத்துத் தோட்டம் அப்படியே பிழைத்து வந்தது என்று நினைத்துப் போகாதீர்கள். கோட்டைதான் 1536 காலத்தது. பழைய தோட்டத்தைப் பிற்காலத்தில் வந்தவர்கள் அழித்து ஆங்கிலேயப் பாணியில் பூங்கா ஆக்கிவிட்டார்கள். 1906-இல் கோட்டையை வாங்கிய கார்வாலோ என்கிற ஸ்பானிய மருத்துவரும் அவர் மனைவியும்தான் பழைய பாணியில் திரும்பப் போட்டார்கள். ஷாம்போர் முன்னால் இருக்கிற தோட்டம்கூட 2017-இல் மறுபடி போட்டதுதான். கல் நிற்கும், செடி நிற்காது இல்லையா. எனக்கு இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை, நூறு வருஷமாக ஒருவன் மாற்றி ஒருவன் கத்தரித்துக்கொண்டே இருப்பதும் பெரிய வேலைதான்.

ஷெனொன்சோ கதை நம் மெகா சீரியல் தோற்றுப்போகும். இரண்டாம் ஹென்றி ராஜா அந்த மாளிகையைத் தன் காதலி தியானுக்குக் கொடுத்தார். அந்தம்மா அவரை விடக் கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவர். ஆற்றின் குறுக்கே பாலம் போட்டது அவர்தான். 1559-இல் ராஜா ஈட்டி விளையாட்டில் அடிபட்டுச் செத்ததும், ராணி கத்தரீன் செய்த முதல் வேலைகளில் ஒன்று தியானைக் கிளப்பியது. ஷெனொன்சோவைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஷோமோனைக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பாலத்தின் மேலேயே அறுபது மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் எழுப்பினார். இன்றைக்கும் இந்தப் பக்கம் தியான் தோட்டம், அந்தப் பக்கம் கத்தரீன் தோட்டம். பெரியது தியானுடையது. சமையலறை பாலத்துத் தூணுக்குள் இருக்கிறது, செப்புப் பாத்திரம் வரிசையாகத் தொங்கும், அம்மாவுக்குப் பிடிக்கும். கேட்டிலிருந்து மாளிகை வரை நல்ல நடை, முட்டிக்கு ஒரு மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள்.

---

பட்டர்வொர்த்_ரயில் எழுதியது:

காடியே எதற்கு என்று கேட்கிறேன். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து வேக ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் தூர் பக்கத்தில் இறங்கலாம். ஷெனொன்சோ வாசலுக்கே ரயில் போகிறது. அம்புவாஸ், புளுவா இரண்டிலும் ஸ்டேஷன் உண்டு. மற்றதற்கு ஒரு நாள் மினிவேன் எடுங்கள். சம்மான், டோல், பார்க்கிங், வீட்டுக்காரரோடு சண்டை எல்லாம் மிச்சம்.

இன்னொரு விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரிலேயே பத்து காஜா என்கிற இடத்தில் ஸ்மித் துரை கட்டிய கெல்லி கோட்டையை மகளுக்குக் காட்டியாயிற்றா? அதில் வேலை செய்தது மதராஸிலிருந்து கொண்டுவந்த நம் ஆட்கள். ஸ்பானிஷ் காய்ச்சலில் பலர் செத்துப்போக, மிச்சம் இருந்தவர்கள் கேட்டு ஸ்மித் துரை கட்டிக் கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, கோபுரத்துச் சிலைகளோடு அவருக்கும் ஒரு சிலை. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார், கோட்டை பாதியிலேயே நின்றுபோனது. நான் ஷாம்போர் போனபோது எனக்கு அந்த ஞாபகம்தான். அதையும் ஒரு ராஜா 1519-இல் ஆரம்பித்து, தன் காலத்தில் முடிவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். உள்ளே தங்கியது மொத்தமாகச் சில வாரம்.

---

செந்தூல்காரன் எழுதியது:

பட்டர்வொர்த் மாமா சொல்வது இரண்டு பேர் போனால் சரி. முட்டி வலியோடு ஐந்து பேர், பெட்டிகள், எத்தனை முறை ரயில் மாறுவது? ஷாம்போருக்கு ரயிலும் இல்லை. பாரிஸிலிருந்து தூர் வரை ரயில், அங்கே காடி, அது நல்ல யோசனை. நகர ட்ராஃபிக்கும் மிச்சம்.

ஷாம்போரில் அம்மாவைக் கூரை வரை ஏற்ற வேண்டாம், அந்த இரட்டைப் படிக்கட்டை மட்டும் காட்டுங்கள். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகிற இரண்டு படி, இதில் ஏறுகிறவரும் அதில் இறங்குகிறவரும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம், எதிரில் சந்திக்கவே மாட்டார்கள். மகளை ஒன்றில் விட்டு நீங்கள் மற்றதில் ஏறுங்கள், அரை மணி நேரம் அதிலேயே விளையாடுவாள்.

பாரிஸ் நாட்களில் வெர்சாயா, வோ-லெ-விகோம்தா என்று ஒன்றுதான் என்றால் என் ஓட்டு வோவுக்கு. நிதி மந்திரி ஃபூக்கே முதலாளியே பொறாமைப்படுகிற மாதிரி வீடு கட்டி, 1661 ஆகஸ்ட் 17-இல் முதலாளியையே விருந்துக்குக் கூப்பிட்டார். முதலாளி பதினான்காம் லூயி. மூன்று வாரத்துக்குள் ஃபூக்கே கைது, சாகும்வரை சிறை. அவருடைய தோட்டக்காரர் லெ நோத்ரையே கூட்டிப் போய்த்தான் ராஜா வெர்சாய் தோட்டத்தைப் போட வைத்தார். வோவில் கூட்டமும் குறைவு.

---

பாயான்பாரு_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் படிக்கட்டுக் கதையைச் சொன்னேன், ஷாம்போர் உறுதி. வீட்டில் பேசி இப்படி முடிவு: ஜூன், வோ, அப்புறம் தூர் வரை ரயில், அங்கிருந்து காடி. அம்புவாஸில் தங்கி ஷெனொன்சோ, ஷோமோன், ஷாம்போர், வில்லாந்திரி. ஒரு நாள் சும்மா. கெல்லி கோட்டைக்கு அடுத்த மாதமே போகிறோம் மாமா, அப்பா அதைக் கேட்டதும் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். செவ்வாய் வெள்ளி சாப்பாட்டுக்கு மட்டும் வழி சொல்லுங்கள். ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

---

மண்சட்டி எழுதியது:

கொண்டுபோங்கள், நாங்களும் கொண்டுபோனோம். சமையலறை இருக்கிற வீடாக எடுத்தால் பாதிக் கவலை போச்சு. கடைகளில் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் சாப்பாடு, தாண்டினால் இரவு ஏழுக்கு மேல்தான். நம் ஊர் மாதிரி மூன்று மணிக்கு மீ கோரெங் எல்லாம் கிடைக்காது. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் சூப்பர்மார்க்கெட்டும் பல இடத்தில் மூடிவிடும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் ஒன்று, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி செருகியிருக்கும், ரொட்டியோடு அம்மா சாப்பிடுவார். குக்கருக்கு அடாப்டர் மறந்துவிடாதீர்கள், நம் பிளக் மூன்று கால், அங்கே இரண்டு உருண்டைக் கால்தான்.