ஜார்ஜ் ராஜா தலை பவுன் வாங்கலாமா, டுப்ளிகேட்டான்னு எப்படி பாக்குறது?

திருப்பூர்_அப்பா:
வணக்கம்ங்க எல்லாருக்கும். பொண்ணுக்கு கல்யாணத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா காயினா சேத்துட்டு இருக்கேன், நகையா எடுத்தா செய்கூலி சேதாரம்னு போயிடுதுல்ல அதனால. இப்ப கோயமுத்தூர்ல பழைய காசு வாங்கி விக்கிற ஒருத்தர் ஜார்ஜ் ராஜா தலை பவுன் (வெள்ளைக்காரன் காலத்து தங்கக் காசு, சவரன்னும் சொல்வாங்க) 5 இருக்கு, கடை ரேட்டை விட பவுனுக்கு 4 ஆயிரம் கம்மி பண்ணி தர்றேன், பில் எல்லாம் வேண்டாம் கேஷா குடுத்துடுங்கன்றார். ஒண்ணை கையில வாங்கி பாத்தேன், 1918னு இருக்கு, பின்னாடி குதிரை மேல ஒருத்தர் பாம்பு மாதிரி எதையோ குத்துறாரு. கல்லுல உரசியும் காமிச்சாரு, கோடு நல்லாத்தான் விழுந்துச்சு. வீட்டுக்காரம்மா வேண்டவே வேண்டாம்னு ஒரே பிடிவாதம். வாங்கலாமா?

பட்டறை_பையன்:
வீட்டுக்காரம்மா சொல்றது சரிங்ணா. எங்கப்பா 40 வருஷம் பட்டறை வச்சிருந்தவர், அவர் சொல்றது ஒண்ணுதான், தங்கத்தை எவனும் நஷ்டத்துக்கு விக்க மாட்டான், உருக்கினாலே அன்னிக்கு ரேட்டு கிடைக்கும்போது உங்களுக்கு எதுக்கு 4 ஆயிரம் குறைச்சு தரணும். உரைகல்லை நம்பாதீங்க, அது மேல்தோலை மட்டும்தான் சொல்லும், முலாம் கனமா போட்டிருந்தா கல்லும் ஏமாறும் ஆசிட்டும் ஏமாறும். கம்ப்யூட்டர்ல டச், அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம்னு பாக்குற மெஷின்கூட சில மைக்ரான் ஆழம்தான் பாக்கும்.

வீட்லயே செய்யலாம், 0.01 கிராம் காட்டுற தராசு இருந்தா போதும். மொதல்ல காசை எடை போடுங்க. அப்புறம் ஒரு டம்ளர்ல பாதி தண்ணி ஊத்தி தராசு மேல வச்சு சைபர் பண்ணிட்டு, காசை மெல்லிசு நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் இடிக்கக் கூடாது, காசுல குமிழி ஒட்டியிருந்தா லேசா ஆட்டி விடுங்க. இப்ப காட்டுற நம்பரால எடையை வகுத்தா அடர்த்தி வந்துடும். 8 கிராம் 22 கேரட்னா தராசு 0.45 பக்கம் காட்டும். பித்தளைன்னா 0.9க்கு மேல போயிடும், அப்பவே தெரிஞ்சிடும். உள்ள டங்ஸ்டன் வச்சு மேல முலாம் போட்டதுன்னா 0.41, 0.42 வரும், ஏன்னா டங்ஸ்டன் கனம் 24 கேரட் கனம்தான். அதனால 24 கேரட் காயின்ல இந்த டெஸ்ட் டங்ஸ்டனை பிடிக்காது, பவுன் காசுல பிடிக்கும், ஆனா வித்தியாசம் 0.03தான்றதால நாலஞ்சு தடவை பாருங்க.

பழங்காசு_பைத்தியம்:
பாம்பு இல்ல சார், டிராகன் 😄 குதிரையில இருக்கறது செயின்ட் ஜார்ஜ். சவரன் 7.98 கிராம், குறுக்களவு 22.05 மிமீ, தடிமன் 1.52 மிமீ. மூணும் ஒரே காசுல ஒத்து வரணும். மட்டமான உலோகத்துல செஞ்சு எடையை சரியா வச்சா காசு தடியாவோ அகலமாவோ ஆயிடும், அளவை சரியா வச்சா எடை இடிக்கும், அதனால மில்லிமீட்டர் கணக்கா அளக்குற வெர்னியர் ஒண்ணு வாங்கிக்கோங்க.

1918ன்னு சொன்னீங்கல்ல, குதிரை காலுக்கு கீழ தரைக் கோட்டுல, வருஷத்துக்கு மேல, பொடியா ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கணும். ஐன்னா பம்பாய், அந்த ஒரு வருஷம்தான் பம்பாய்ல ராஜா தலை சவரன் அடிச்சாங்க. எஸ் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த், இந்த மூணும் ஆஸ்திரேலியா, சி கனடாவுல ஒட்டாவா. எழுத்தே இல்லன்னா லண்டன்ல அடிச்சதுன்னு அர்த்தம், ஆனா லண்டன் 1917க்கு அப்புறம் நிறுத்தி 1925லதான் மறுபடி அடிச்சது. லென்ஸ் வச்சு பாருங்க.

திருப்பூர்_அப்பா:
போட்டோ எடுத்து வச்சிருந்தேன், பெருசு பண்ணி பாத்துட்டேன். எழுத்தே இல்லீங்க. மகளும் பாத்தா, இல்ல.

பழங்காசு_பைத்தியம்:
அப்ப அது சவரனே இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், போலின்னா பித்தளைன்னு அர்த்தம் இல்ல. 1950, 60கள்ல பெய்ரூட் பக்கம் நெஜ தங்கத்துலயே போலி சவரன் நிறைய அடிச்சாங்க, அதனால தங்கம் இருக்கவும் செய்யலாம்.

பட்டறை_பையன்:
தங்கம் இருந்தா எனக்கு எழுத்து முக்கியம் இல்ல, உருக்குற விலை வந்தா போதும் (பழங்காசு அண்ணன் அடிக்க வராதீங்க). ஆனா எத்தனை டச்சுன்னு தெரியணுமே, 916க்கு (22 கேரட்) பதில் 800 இருந்தா? ஹால்மார்க் சென்டர்ல பொதுமக்களுக்கும் சோதிச்சு ரிப்போர்ட் தருவாங்க, 4 உருப்படி வரைக்கும் 200 ரூபா. ஒண்ணை மட்டும் சோதிக்காதீங்க, அஞ்சையும் போடுங்க. சோதிச்சது ஒரு காசு, பையில போடறது வேற காசு, இது பழைய டெக்னிக். அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைச்சுதுன்னு வர்ற கும்பலும் மொதல்ல நெஜக் காசு ஒண்ணை குடுத்து செக் பண்ணச் சொல்லித்தான் மிச்சத்தை தலையில கட்டும்.

கணக்குப்_பிள்ளை:
5 பவுன்னா 2 லட்சம் எப்பவோ தாண்டிடும், அவ்வளவு கேஷ் வாங்கறதே தப்பு, அபராதம் கேஷை வாங்கிக்கற விக்கிறவருக்குத்தான், இருந்தாலும் பில் இல்லாம நாளைக்கு எதை வச்சு கேக்கப் போறீங்க? சும்மா கடையில சீல் பண்ண கார்டுல வர்ற காயினா எடுங்க, கார்டு நம்பரும் காயின் நம்பரும் ஒத்துப் போகுதான்னு பாத்து, நம்பரை பில்லுலயும் எழுதி வாங்கிக்கோங்க. நகை எடுத்தா அதுல இருக்கற 6 இலக்க ஹால்மார்க் நம்பரை (ஹெச்யூஐடி) பிஐஎஸ் கேர்ன்ற மொபைல் ஆப்ல போட்டு கடையிலயே பாத்துடலாம். பேங்க் காயின் வேண்டாம், விலை அதிகம், திருப்பி வாங்கிக்க மாட்டாங்க.

திருப்பூர்_அப்பா:
அப்டேட். அஞ்சையும் ஹால்மார்க் சென்டருக்கு எடுத்துட்டு போலாம், காசு நான் கட்டறேன்னு சொன்னேன். நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நான் விக்கிறதில்லன்னு போனை வச்சுட்டாரு. வீட்டுக்காரம்மா ரெண்டு நாளா என்னைப் பாத்து சிரிச்சிட்டே இருக்கு.

அப்புறம் எங்கம்மா சேலைப் பெட்டியில முடிஞ்சு வச்சிருந்த ஒத்தைப் பவுனை எடுத்து அந்த தண்ணி டெஸ்ட்டு போட்டேன். மொத தடவை நூல் அவுந்து டம்ளர்ல விழுந்துடுச்சு, தராசு 7.98 காட்டுது, ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அடுத்த மூணு தடவையும் 0.45. வருஷம் 1912, குதிரைக்கு கீழ பொடியா பி. பெர்த்துல இருந்து எங்க ஊருக்கு எப்படி வந்துச்சோ.