புதுப்பிப்பு: டீச்சர் வேலையை விட்டுக் கதைசொல்லி ஆகலாமா என்று கேட்டிருந்தேனே...

வருமானம் வருமா என்பதுதான் அப்போது என் கேள்வி. வேலையை விட்டாச்சு. நூலகங்களில் அன்பாகக் கூப்பிடுகிறார்கள். சால்வை உண்டு, பஸ் காசு கிடையாது. (வீட்டில் சால்வைக் கடையே வைக்கலாம்.) சோறு போடுவது ஆசிரியர்களுக்கு நான் கொடுக்கும் கதைசொல்லல் பயிற்சிதான். கதையின் நடுவே ஒரே வரியை மூன்று தடவை ராகம் போட்டுச் சொன்னால், நாலாவது தடவை வாண்டுகளே கத்தும். இதைச் செய்துகாட்டத்தான் பள்ளிகள் பணம் தருகின்றன.

கதைக்கு எங்கே போவது என்று கேட்டவர்களுக்கு: குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழிலும் நிறையக் கதைகள் இருக்கின்றன. திறந்த உரிமம் என்பதால், எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மார்ச் 20 உலகக் கதைசொல்லல் தினத்துக்கு இப்போதே அழைப்பு வருகிறது. ஓசியில் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.