டர்பனில் உள்ளூர் லாரி வேலை: இரண்டு நிறுவனங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி (சாட்ஸ்வொர்த்)

வணக்கம். ஆறு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே என்3 நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டுகிறேன். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லாததால் இனி இரவில் வீட்டில் இருந்தாக வேண்டும். கனரக ட்ரெய்லர் லாரிக்கான கோட் 14 உரிமமும், சரக்கு வண்டியைத் தொழிலாக ஓட்டுவதற்கான பி.ஆர்.டி.பி. அனுமதியும் என்னிடம் உள்ளன. ஜேக்கப்ஸில் ஒரு நிறுவனம் துறைமுகக் கன்டெய்னர் ஒன்றுக்கு இவ்வளவு என்று தருவதாகச் சொல்கிறது. பிராஸ்பெக்டனில் இன்னொன்று மணிக்கணக்கில் தருகிறது. ஆனால் மாத இறுதியில் தொகை குறைவாகத் தெரிகிறது. எதை ஏற்பது?

பதில் 1 (மெர்பேங்க், ஓய்வுபெற்ற ஓட்டுநர்)

தம்பி, கன்டெய்னர் கணக்கைக் கேட்டதும் கை நீட்டிவிடாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் விடியற்காலையில் வரிசையில் நின்று, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்னால் நிற்கும் ட்ரெய்லரின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. காற்று பலமாக வீசினால் கிரேன்கள் நின்றுவிடும்; அன்றைக்கு ஒரு பெட்டி கிடைத்தாலே பெரிது. நெடுந்தூர ஓட்டத்தில் சக்கரம் உருண்டால் காசு. உள்ளூர் வேலையில் நாளின் பெரும்பகுதி காத்திருப்பதிலேயே கழிகிறது. ஆகவே, வரிசையில் நிற்கும் நேரத்தை வேலை நேரமாக எழுதுகிறார்களா என்பதையே முதலில் கேளுங்கள். சாலைச் சரக்குத் துறையில் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் ஓவர்டைம்.

சம்பளம் பேசும் முன் யார்டுக்குள் போய், ட்ரெய்லரின் உள்பக்க டயரில் கை வைத்துப் பாருங்கள். வெளிப்பக்க டயரை எல்லோரும் மாற்றுவார்கள். உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், அந்த முதலாளி பிரேக்குக்கும் செலவு செய்யமாட்டார் என்று நான் எடுத்துக்கொள்வேன். 2013இல் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பலர் உயிரிழந்த லாரி விபத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பதில் 2 (ஃபீனிக்ஸ், கணக்குப் பிரிவு ஊழியர்)

அண்ணா, இரண்டு இடங்களிலும் ஏற்கெனவே வேலை செய்யும் ஓட்டுநர் ஒருவரின் பேஸ்லிப்பைக் காட்டச் சொல்லுங்கள். யு.ஐ.எஃப். எனும் வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1 சதவீதம், முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த பார்கெய்னிங் கவுன்சிலுக்கான சந்தா, பிராவிடன்ட் ஃபண்ட் ஆகிய மூன்றும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். ரொக்கமாகக் கூடுதல் தருகிறோம் என்று இவற்றைத் தவிர்க்கும் இடத்தில், வேலை போகும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்று, கண்ணாடி உடைந்தது, கன்டெய்னர் உரசியது என்று சம்பளத்தில் பிடிப்பது. 1997ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டத்தின்படி, தவறு உங்களுடையது என்பதை முறையாக விசாரித்து, உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்து, எழுத்தில் ஒப்புதல் பெற்ற பின்னரே பிடிக்கலாம். அதுவும் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஓட்டுநர் ஒருவருக்கு, முன்பு இருந்த இடத்தில் ஒரே மாதத்தில் பாதிச் சம்பளத்தைப் பிடித்திருந்தார்கள். அந்தத் தாளை அவர் நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை.

பதில் 3 (ஐசிபிங்கோ)

இந்த இரண்டோடு நின்றுவிட வேண்டாம். உங்களுக்கு 25 வயது நிறைந்திருந்தால், ஆபத்தான சரக்குக்கான டி பிரிவு அனுமதிக்குப் பயிற்சி எடுங்கள். துறைமுகத்தின் ஐலண்ட் வியூ எரிபொருள் கிடங்குகளிலிருந்து பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் டேங்கர் வேலைக்கு அது கட்டாயம். வேலை வாங்கித் தருவதாக ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது சட்டப்படி குற்றம். பி.ஆர்.டி.பி. இரண்டே ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால் உங்களுடையது முடியும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா, தங்கையே, நண்பரே. இன்று ஜேக்கப்ஸுக்குத் தொலைபேசியில் கேட்டேன். காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். செவ்வாய்க்கிழமை பிராஸ்பெக்டன் யார்டுக்குப் போகிறேன். பேஸ்லிப்பையும் உள்பக்க டயரையும் பார்த்த பிறகே கையெழுத்திடுவேன்.