வாசல் தட்டிய கதைகள்: அதிபர் தேர்தல் சமயத்தில் உங்களுக்கு நேர்ந்தவை

பக்ஸ் கவுண்டி, பென்சில்வேனியா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் லிபரல். குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து டெமாக்ரட்டுகளுக்குத்தான் ஓட்டு. ஆனால் கட்சிச் சண்டை போட இதைத் தொடங்கவில்லை, அதற்கு வாட்ஸப் குழுக்கள் இருக்கின்றன. அதிபர் தேர்தல் சமயத்தில் நீங்கள் நேரில் பார்த்த ஆட்கள், கேட்ட பேச்சு, இந்த நாட்டுத் தேர்தலின் விநோத விதிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2024இல் கமலா ஹாரிஸுக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். எங்கள் கவுண்டி ஃபிலடெல்ஃபியாவுக்கு வடக்கே இருக்கிறது. அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் எலக்டோரல் ஓட்டுகள்தான். பென்சில்வேனியாவுக்கு அதில் 19 என்பதால் ஹாரிஸ், டிரம்ப் இரண்டு பேரும் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 16 அன்று ஹாரிஸ் வாஷிங்டன் கிராஸிங்குக்கு வந்து ரிபப்ளிகன்கள் சிலரை மேடையேற்றிப் பேசினார். 1776 கிறிஸ்துமஸ் இரவில் ஜார்ஜ் வாஷிங்டன் படையோடு டெலவேர் ஆற்றைக் கடந்த இடம் அது. நான்கு நாள் கழித்து டிரம்ப் ஃபீஸ்டர்வில் மெக்டொனால்ட்ஸில் ஏப்ரன் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு வறுத்தார். எனக்குப் பிடிக்காவிட்டாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: வாசல்களில் ஜனங்கள் பேசியது வறுவலைப் பற்றித்தான். வாஷிங்டன் கிராஸிங் கூட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கதவு தட்டப் போகிறவர்களுக்கு போனில் ஒரு செயலி தருவார்கள். வீட்டு எண், பெயர், வயது, எந்தக் கட்சியில் பதிவு, எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்பது வரை அதில் இருக்கும். யாருக்குப் போட்டார் என்பது மட்டும் ரகசியம், மற்றதெல்லாம் பொதுப் பதிவு. நம் ஊரிலிருந்து வந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். ஒரே வீட்டில் கணவர் ரிபப்ளிகன், மனைவி டெமாக்ரட் என்று பட்டியல் காட்டும். கணவர் கதவைத் திறந்தால் மனைவியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை குடும்பக் கதைகள் முகத்தில் ஓடும் தெரியுமா? ஒரு அம்மா பின்னாலிருந்து கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு, "வேண்டாம், நன்றி" என்று சத்தமாகச் சொன்னார்.

யாரும் இல்லாத வீட்டில் நோட்டீஸைத் தபால் பெட்டிக்குள் போடக்கூடாது. அதில் கை வைக்கிற உரிமை தபால்காரருக்குத்தான், மத்திய அரசுச் சட்டம். கதவு இடுக்கில் செருகிவிட்டு வர வேண்டியதுதான்.

எனக்குக் கிடைத்த பகுதி பெரும்பாலும் லெவிட்டவுன். 1952இலிருந்து சில வருஷங்களில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளை வரிசையாகக் கட்டி விற்ற ஊர். வீடுகள் ஒரே அச்சு. அதோடு ஒரு பகுதியின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அதிலுள்ள தெருக்களும் அதே எழுத்தில்தான் தொடங்கும். போனில் சார்ஜ் தீர்ந்தால் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதே குழம்பிப்போகும். டாக்வுட் ஹாலோ பகுதியில் டீப்கிரீன் லேன் என்று ஒன்று இருக்கிறது. கறுப்பர்களுக்கு வீடு விற்பதில்லை என்று கம்பெனி பிடிவாதமாக இருந்த காலத்தில், 1957இல், மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே ஒரு வீட்டை அதன் பழைய சொந்தக்காரரிடமிருந்து வாங்கிக் குடிவந்தது. கூட்டம் கூடிக் கல்லெறிந்து ஜன்னலை உடைத்தார்கள். தொல்லை வாரக்கணக்கில் நடந்தது. அந்தத் தெருவில் நான் கிளிப்போர்டும் தண்ணீர் பாட்டிலுமாகப் போனபோது ஒரு பெண் கேட்டது: "நீங்கள் கமலாவுக்குச் சொந்தமா?" கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். கமலாவின் அம்மா ஊரும் என் ஊரும் ஒரே மாநிலம்தான், ஆனால் சொந்தமில்லை என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இன்னொரு பெரியவரைத்தான் மறக்க முடியவில்லை. ஆற்றங்கரை இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பதிவில் இன்னும் டெமாக்ரட். ஒபாமாவுக்கு இரண்டு முறை, அப்புறம் டிரம்ப். கதவைச் சாத்தவில்லை, திட்டவுமில்லை. "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறீர்கள். நடுவில் யார் வந்தது?" என்றார். கட்சி கொடுத்திருந்த பேச்சுக் குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. விலைவாசி, கருக்கலைப்பு உரிமை, ஜனநாயகம் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு வரி இருந்தது.

முடிவு தெரிந்ததே. டிரம்ப் 312, ஹாரிஸ் 226. எங்கள் கவுண்டி சில நூறு ஓட்டில் கைவிட்டுப் போனது. 1988இல் மூத்த புஷ்ஷுக்குப் பிறகு இங்கே ஜெயித்த முதல் ரிபப்ளிகன் அதிபர் வேட்பாளர் டிரம்ப்தான்.


ஒமாஹா, நெப்ராஸ்கா

எங்கள் ஊர் நீலப் புள்ளி பற்றி (நீலம் டெமாக்ரட், சிவப்பு ரிபப்ளிகன்) யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், நானே எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் ஜெயித்தவருக்கே எல்லா எலக்டோரல் ஓட்டும். நெப்ராஸ்காவும் மெய்னும் மட்டும் விதிவிலக்கு. எங்களுக்கு மொத்தம் 5. மாநிலத்தில் ஜெயித்தவருக்கு 2, மூன்று தொகுதிகளில் ஜெயித்தவர்களுக்குத் தலா 1. மாநிலமே சிவப்பு, ஒமாஹா தொகுதி மட்டும் 2008, 2020, 2024 என மூன்று முறை நீலம்.

2024இல் வீட்டு முன் புல்வெளிகளில் ஒரு யார்டு சைன் முளைத்தது. வெள்ளைப் பலகையில் ஒரு நீல வட்டம், எழுத்தே கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், "மாப்பிள்ளை, இங்க குழாய் பதிக்கப் போறாங்களா?" என்று கேட்டார். விளக்குவதற்குள் ஒரு காபி ஆறிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பதிலுக்கு நெப்ராஸ்கா வடிவத்தில் முழுக்கச் சிவப்பாக ஒன்றை நட்டார். இரண்டு பேரும் சனிக்கிழமை ஒரே நேரத்தில் புல் வெட்டுவோம், பலகையை மட்டும் சுற்றிக்கொண்டு.

வேடிக்கை இல்லை, கணக்கு நிஜமாகவே அங்கே வந்து நின்றது. ஹாரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் பிடித்திருந்தால் எங்கள் ஒரு ஓட்டையும் சேர்த்து, ஜெயிக்கத் தேவையான 270 சரியாக வந்திருக்கும். இல்லாவிட்டால் 269-269, பிறகு பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற முறையில் முடிவு. அதனால்தான் செப்டம்பரில் ரிபப்ளிகன்கள் இந்த முறையையே மாற்றப் பார்த்தார்கள். டெமாக்ரட்டாக இருந்து ரிபப்ளிகனாக மாறிய மைக் மெக்டொனல் என்ற மாநில செனட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, முயற்சி நின்றது. தன் புதிய கட்சியின் நெருக்கடியைத் தாங்கிக்கொண்டு இல்லை என்று சொன்ன மனிதர். அவருடைய மற்றக் கொள்கைகளோடு எனக்கு ஒத்துவராது, இதற்காக ஒரு கும்பிடு.


ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

கொடுத்து வைத்தவர்கள். எங்களைத் தேடி யாரும் வருவதில்லை, பணம் திரட்ட மட்டும் வருவார்கள். 2024இல் ஹாரிஸ் இங்கே 30 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தார், அந்த உபரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் வாக்குச்சீட்டில் மாநிலப் பிரேரணைகள் பத்து இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை போட வேண்டும். கையேட்டைப் பரீட்சைக்குப் போல் படித்தேன். மற்ற நேரத்தில் நானும் மகளும் உங்கள் பென்சில்வேனியாவுக்குக் கைப்பட போஸ்ட்கார்டு எழுதினோம்.


பக்ஸ் கவுண்டி

அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கே வந்தது! நட்சத்திரம் எல்லாம் வரைந்து, அழகான கையெழுத்து. கதவு தட்டுகிற வீட்டுக்கே, தயவுசெய்து ஓட்டுப் போடுங்கள் என்று.


ஆஸ்டின், டெக்ஸஸ் (முன்பு ஐயோவா)

ஐயோவா காகஸ், அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர்க்காரர்கள் கூடும் கூட்டம், பார்த்தவர்கள் இங்கே யாரும் இல்லையா? 2020 பிப்ரவரி 3, டெமாக்ரட்டுகளின் இரவு. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, நீங்கள் போய் உங்கள் ஆளின் மூலையில் நிற்க வேண்டும். அதுதான் ஓட்டு. ரகசியம் கிடையாது. நான் ஆண்ட்ரூ யாங் மூலையில் நின்றேன். எதிரே ஏமி க்ளோபுஷார் மூலையில் என் ஆபீஸ் மேனேஜர்! அதுவரை அவருடைய அரசியல் என்னவென்றே எனக்குத் தெரியாது, அவருக்கும் என்னுடையது தெரியாது.

15 சதவீதம் சேராத மூலை கலைந்துவிட வேண்டும். எங்கள் மூலை கலைந்தது. உடனே நாலு பக்கத்திலிருந்தும் இழுத்தார்கள். ஒருவர் சுகாதாரக் காப்பீட்டைப் பற்றி விளக்கினார், ஒரு பாட்டி குக்கி டப்பாவை நீட்டினார், மேனேஜர் தூரத்திலிருந்தே கையாட்டிக் கூப்பிட்டார். அப்ரைசல் அடுத்த மாதம். நான் எலிசபெத் வாரன் மூலைக்குப் போனேன் என்பதைப் பெருமையாகவே பதிவு செய்கிறேன். அப்ரைசலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூலைகளில் நின்று எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அந்தக் கணக்கை மேலே அனுப்புகிற செயலி சொதப்பியதால் முடிவு வர நாள்கணக்கானது, நாடே சிரித்தது. அப்புறம் 2024இல் கட்சி, வேட்பாளர் தேர்வு வரிசையில் ஐயோவாவை முதலிடத்திலிருந்து எடுத்துவிட்டது. ஷிஃப்ட் வேலைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வரமுடியாத முறை என்பது நியாயமான குற்றச்சாட்டு. இருந்தாலும் அந்தக் கூடத்தில் கேட்ட வாதத்தின் தரத்துக்கு எந்த டிவி விவாதமும் பக்கத்தில் வராது.


ப்ளேனோ, டெக்ஸஸ்

நான் மறுபக்கம். தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவில் எல்லாரும் டெமாக்ரட் என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள், அதுவே ஒரு அனுபவம்தான். சட்டப்படி வந்து, வரி கட்டி, கிரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நின்றவன் நான். வரிசையே இல்லாமல் வருகிறவர்களைப் பற்றிக் கேட்டால் உடனே முகம் சுளிக்கிறார்கள். டிரம்ப் பேசுகிற விதம் எனக்கும் பிடிக்காது. ஆனால் கேள்வி கேட்டாலே கெட்டவன் என்று பார்க்காத கட்சி அதுதான்.


பக்ஸ் கவுண்டி

நல்வரவு. வரிசைக் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் நின்றவள். கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு 1990 சட்டத்தில் இருக்கிறது. அதைத் தளர்த்த இரண்டு கட்சியும் மசோதா கொண்டுவந்தன, எதுவும் நிறைவேறவில்லை. எல்லையில் வருகிறவர்களால் நம் வரிசை நீளவில்லை என்பதுதான் என் கட்சி (அரசியல் கட்சியைச் சொல்லவில்லை). பொங்கல் விழா பற்றி நீங்கள் சொன்னது உண்மை.


பிட்ஸ்பர்க் புறநகர், பென்சில்வேனியா

நான் வாக்குச்சாவடி இன்ஸ்பெக்டராக உட்கார்ந்த கதை. தீயணைப்பு நிலையத்துக் கூடம்தான் சாவடி. காலை 7 மணியிலிருந்து இரவு 8 வரை. வெளியே கேக் விற்பனை, லாபம் தீயணைப்பு வண்டிக்கு. சாவடித் தலைவருக்கு 'ஜட்ஜ் ஆஃப் எலெக்ஷன்' என்று பெயர், நீதிபதி இல்லை, அக்கம்பக்கத்தார் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர். எங்கள் ஜட்ஜ் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். அவருக்குக் கீழே இரண்டு கட்சிக்கும் ஆள் இருக்கும்படி இன்ஸ்பெக்டர்கள். என் பக்கத்தில் இருந்தவர் ரிபப்ளிகன், டிரம்ப் விசுவாசி, 2020 தேர்தலைத் திருடிவிட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறவர்.

மத்தியான நேரத்தில் கூட்டம் இருக்காது. அவர் அதிபர்களைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் செவ்வாய்க்கிழமை? 1845 சட்டம். ஞாயிறு சர்ச், புதன் சந்தை, குதிரை வண்டியில் விவசாயி வந்துசேர நடுவில் ஒரு நாள் வேண்டும். ஜான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் ஒரே நாளில், 1826 ஜூலை 4 அன்று, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று இறந்தார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத ஒரே அதிபர் புக்கானன், நம் பென்சில்வேனியாக்காரர். இப்படியே மூன்று மணி ஆகிவிட்டது.

இரவு கணக்குப் பார்த்தோம். கையெழுத்துப் போட்டவர்களின் எண்ணிக்கைக்கும் ஸ்கேனர் காட்டிய எண்ணுக்கும் ஒன்று வித்தியாசம். இரண்டு பேரும் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணினோம். கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையைக் கூப்பிடப் போகணும் என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துப் போன ஒரு பெண் நினைவுக்கு வந்தார். அதைக் குறிப்பில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். முடிவுத் தாளைக் கதவில் ஒட்டும்போது கேட்டேன்: "இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறோம், எப்படித் திருட முடியும்?"

"இங்கே முடியாது. ஃபிலடெல்ஃபியாவில்தான்" என்றார்.


பக்ஸ் கவுண்டி

சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. இங்கே ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பிட்ஸ்பர்க்கைச் சொல்வதில்லை, டெட்ராய்ட்டைச் சொல்கிறார்கள்.

லெவிட்டவுன் பெரியவர் என்ன ஆனார் என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கு: 2025இல் மறுபடி போனேன். அந்த வருஷம் அதிபர் தேர்தல் இல்லை. கவுண்டி ஷெரீஃப், மாவட்ட வழக்கறிஞர் மாதிரிப் பதவிகள்தான். குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தக் கைகொடுப்பதாக ஷெரீஃப் அலுவலகம் மத்தியக் குடியேற்றத் துறையோடு ஒப்பந்தம் போட்டிருந்தது, அதுதான் பெரிய பேச்சு. என்னைப் பார்த்து, "இது நாலாவது வருஷம் இல்லையே" என்றார். டிரம்ப்பைப் பற்றிப் பேசாவிட்டால் உட்காரலாம் என்று நாற்காலி போட்டார். ஒப்பந்தத்தைப் பற்றி அவரிடம் கேள்விகள் இருந்தன: செலவு யாருக்கு, தெரு ரோந்துக்கு ஆள் குறையுமா, என்று. அதற்கெல்லாம் இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. நடுவே அவருடைய வீட்டுக் கூரை ஒழுகலைப் பற்றியும் நிறையப் பேசினார்.

அந்தத் தேர்தலில் டெமாக்ரட்டுகள் ஷெரீஃப் பதவியையும் வழக்கறிஞர் பதவியையும் பிடித்தார்கள். பதிவேட்டில் பிறகு பார்த்தேன், பெரியவர் ஓட்டுப் போட்டிருக்கிறார். யாருக்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2026 நவம்பர் 3 கவர்னர் தேர்தல், டாக்வுட் ஹாலோ பட்டியல் எனக்கே வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் சொல்லுங்கள், தனியாகப் போனால் அந்தத் தெருப்பெயர்கள் குழப்பிவிடும்.