புதுப்பிப்பு: எங்கள் குளத்துக் கட்லா, பரிசோதனை முடிவு

குடியாத்தம் பக்கத்தில் எங்கள் குளத்துக் கட்லா மீனுக்குப் புண் வந்ததும், தீவனத்தில் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கலந்து கொடுத்ததும் போன பதிவில் எழுதியிருந்தேன். மருந்து நீங்கியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருந்தேன். முடிவு வந்துவிட்டது.

மீனை ஐஸில் வைத்து சென்னை ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். இந்தியாவில் மீனில் இந்த மருந்து இருக்க அனுமதித்த உச்ச அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். எங்கள் மீனில் அதைவிட நன்றாகக் குறைவு. சரி, நிம்மதி.

ஆனால் அதோடு விடவில்லை. கடையில் லேபிள் இல்லாத ஒரு பொடியும் கொடுத்திருந்தார்கள். அதில் என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் குளோரம்பெனிகால், நைட்ரோஃபுரான் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளுக்கும் பார்க்கச் சொன்னோம். இரண்டும் உணவு மீனில் தடை செய்யப்பட்டவை. நைட்ரோஃபுரான் மீன் உடலில் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். ஆனால் அதன் சிதைவுப்பொருள் சதையில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும். அதனால் ஆய்வகம் தேடுவது மருந்தை அல்ல, அந்தச் சிதைவுப்பொருளைத்தான். எலிசா என்ற விரைவுச் சோதனை முறை முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே. அதில் சந்தேகம் வந்தால் பொருள்களைப் பிரித்துத் துல்லியமாக அடையாளம் காணும் எல்சி-எம்எஸ் கருவியில் உறுதி செய்ய வேண்டும். எங்கள் மீனில் குளோரம்பெனிகால், நைட்ரோஃபுரான் இரண்டுமே இல்லை என்று வந்தது.

மருந்து கொடுத்தபின் மீனைப் பிடிக்க எவ்வளவு காத்திருப்பது என்று பலர் கேட்டார்கள்: நீர் குளிர்ந்திருந்தால் மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். மார்கழியில் மருந்து கொடுத்தால் சித்திரையைவிடக் கூடுதலாகக் காத்திருங்கள். நம் ஊர்ச் சந்தையில் இந்த மீனை வாங்குவது பிள்ளைகள் உள்ள வீடுகள். லேபிள் இல்லாத பொடியை இனி குளத்துப் பக்கமே கொண்டுவர மாட்டோம்.