செக்கு எண்ணெய்க் கடைக்கு 43 பக்கத்தில் ஒரு இணையதளம்: எதை வைப்பது, எதை எடுப்பது?

செக்குக்கடை (காங்கயம்)
வணக்கம். மரச்செக்கில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்கிறோம். அப்பா ஆரம்பித்த கடை, இப்போது நான் பார்க்கிறேன். இரண்டு வருடம் முன்பு ஒருவரிடம் பணம் கொடுத்து வேர்ட்பிரஸில் தளம் செய்தோம். மொத்தம் 43 பக்கம். மூன்று எண்ணெய்க்கும் அரை, ஒன்று, இரண்டு, ஐந்து லிட்டர் என்று தனித்தனியாக 12. "திருப்பூரில் செக்கு நல்லெண்ணெய்" என்கிற மாதிரி ஒன்பது ஊருக்கு மும்மூன்றாக 27. மீதி முகப்பு, எங்களைப் பற்றி, எப்படி வாங்குவது, தொடர்பு.

ஒரு லிட்டர் தேடி வருகிறவர் ஐந்து லிட்டர் பக்கத்தில் போய் நிற்கிறார். விலை ஏறினால் பக்கம் பக்கமாகப் போய் மாற்ற வேண்டும். போன மாதம் இரண்டில் விட்டுப்போய், பழைய விலைக்கே கொடுத்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே பக்கமாக்கிவிடலாமா?

தளம்கட்டி
அவசரப்பட்டு அழிக்காதீங்க தம்பி. மூன்று விஷயம் சொல்லுங்க. கூகுள் தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் அந்த ஊர்ப் பக்கங்கள் என்ன நிலையில் இருக்கின்றன? ஆர்டர் எந்த வழியாக வருகிறது? பழைய இணைப்பு எங்கேயாவது அச்சாகி இருக்கிறதா?

செக்குக்கடை
ஊர்ப் பக்கங்களில் 19ஐ கூகுள் வந்து பார்த்தும் தேடலில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆர்டர் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். அச்சு என்றால், ஒரு லிட்டர் பாட்டில் லேபிளில் க்யூஆர் கோடு இருக்கிறது அண்ணா. இன்னும் 3000 லேபிள் கையில் கிடக்கிறது.

தளம்கட்டி
நல்லவேளை கேட்டேன். அழித்திருந்தால் அந்த லேபிள் எல்லாம் வெற்றுப் பக்கத்துக்குப் போயிருக்கும்.

எண்ணெய்க்கு ஒரு பக்கம், அளவை அதற்குள்ளேயே தேர்ந்தெடுக்கிற மாதிரி வையுங்க. வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸில் இதற்கு வேரியபிள் புராடக்ட் என்று பெயர். ஒரு எண்ணெயின் எல்லா அளவுக்கும் விலையை ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். மூன்றே சரக்குக்கு நடுவில் 'வகைகள்' என்று இன்னொரு அடுக்கு வேண்டாம்.

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிய பக்கங்களைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் 'டோர்வே', அதாவது தேடலில் ஆள் பிடிக்க மட்டும் போட்ட வாசல் பக்கம், என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. அதற்குப் பதில் ஒரே டெலிவரிப் பக்கம்: எந்த ஊருக்கு எந்தக் கிழமை வண்டி போகும், எவ்வளவு கட்டணம். அப்புறம் ஆட்டும் முறைக்கு ஒரு பக்கம். வாகை மரச் செக்கு, எள்ளோடு கருப்பட்டி எப்போது சேர்க்கிறீர்கள், எத்தனை நாள் தெளிய விடுகிறீர்கள், இதைத்தான் வாங்குகிறவர் தேடுகிறார். உங்கள் தளத்தில் இது ஒரு வரி கூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. எங்களைப் பற்றியும் தொடர்பும் ஒன்றாகட்டும், எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிம எண் அதில் இருக்கட்டும். 43 ஏழாகிவிடும்.

பழைய இணைப்புகளுக்கு 301 திசைதிருப்பல் போடுங்க, அதில் வருகிறவர் தானாகவே புதுப் பக்கத்துக்குப் போய்விடுவார். நல்லெண்ணெய்ப் பக்கம் எதுவானாலும் புது நல்லெண்ணெய்ப் பக்கத்துக்கு. மொத்தத்தையும் முகப்புக்குத் திருப்பினால் 'இல்லாத பக்கம்' என்று கூகுள் கணக்கில் வைத்துவிடும். திசைதிருப்பலைக் குறைந்தது ஒரு வருடம் வைக்கச் சொல்கிறது கூகுள். நீங்கள் எடுக்கவே எடுக்காதீங்க, பாட்டில் யார் வீட்டில் எத்தனை வருடம் இருக்கும் என்று தெரியாது.

மாவுமில்
ஏழு எதற்கு? எங்களுக்கு ஒரே பக்கம்தான், நன்றாகப் போகிறது.

தளம்கட்டி
சரக்கு ஒன்றென்றால் அதுவே சரிங்க. இங்கே தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேடுகிறவரும் பலகாரத்துக்குக் கடலை எண்ணெய் தேடுகிறவரும் வேறு வேறு ஆட்கள். வாட்ஸ்அப்பில் கேட்கிறவருக்கு அந்த எண்ணெயின் படமும் விலையும் உள்ள இணைப்பை நேராக அனுப்ப முடிய வேண்டும்.

செக்குக்கடை
பக்கங்களின் இணைய முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

தளம்கட்டி
உள்ளடக்கம் தமிழில் இருக்கட்டும். முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்க. தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் பல இடத்தில் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். 'நல்லெண்ணெய்' ஒரு சொல்லே 99 குறி. பார்க்கிறவர் மோசடி இணைப்பு என்று பயந்து தொடமாட்டார்.

செக்குக்கடை (ஆறு வாரம் கழித்து)
மாற்றிவிட்டேன். வீட்டு அடுப்படியில் இருந்த பழைய பாட்டிலை ஸ்கேன் செய்தேன், கடலை எண்ணெய்ப் பக்கம் சரியாகத் திறந்தது. ஆட்டும் முறைப் பக்கத்துக்கு அம்மாவைப் பேசச் சொல்லி எழுதிக்கொண்டேன். அதைப் படித்துவிட்டு இப்போது கருப்பட்டி பற்றிக் கேட்டே வாட்ஸ்அப்பில் வருகிறார்கள்.

ஒரு சந்தேகம். ஊர்ப் பக்கங்களில் கோவைக்கு மட்டும் முன்பே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே மாமா கடையில் நம் சரக்கு வைத்திருக்கிறோம், நேரில் போய் வாங்கலாம்.

தளம்கட்டி
அப்படியென்றால் அது நிஜமான பக்கம். மூன்றையும் ஒன்றாக்கி, மாமா கடை முகவரி, திறக்கும் நேரம், வாசல் படம் போட்டு வையுங்க. எட்டாகட்டும்.